காவலனைக் கள்வனென்ற கதை

ஒருவனைக் குற்றவாளியென்று தீர்ப்பது எளிது. தீர்த்தவரே அத்தீர்ப்பை மீண்டும் ஆராய்ந்து மாற்றுதல் மிக அரிது. அவ்வரிய செயலே விஞ்ஞானத்தின் தலையாய பெருமையென்பது என் கருத்து. புற்றுநோயாராய்ச்சியில் பி53 என்னும் புரதத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1979-ஆம் ஆண்டில் டேவிட் லேன், ஆர்னால்டு லெவின் முதலிய அறிஞர்கள் வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் இப்புரதத்தைக் கண்டனர். எஸ்.வி.40 என்னும் வைரஸினால் புற்றுத்தன்மையடைந்த உயிரணுக்களில், அவ்வைரஸின் புரதத்தோடு இது பிணைந்து நின்றது. கள்வனோடு கைகோத்து நிற்பவனையும் கள்வனென்று ஐயுறுதல் இயல்பன்றோ? பின்னர் இதன் மரபணுவை எடுத்து உயிரணுக்களிற் செலுத்தியபோது, அவை புற்றுத்தன்மையெய்த அது துணைசெய்யக் கண்டனர். ஐயம் துணிபாயிற்று.

ஆண்டுகள் பல கழிந்தன. சோதனைகளிற் பயன்படுத்திய மரபணுக்களை ஒன்றோடொன்று ஒப்புநோக்கியபோது, அவற்றுட் சில இயல்பு திரிந்தவையென்பது புலனாயிற்று. 1989-இல் லெவின் குழுவினர், திரிபற்ற பி53 புற்றுமாற்றத்தைத் தடுப்பதென்று காட்டினர். அவ்வாண்டிலேயே பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர், பெருங்குடற் புற்றுகளில் இம்மரபணு சிதைந்திருத்தலை வெளியிட்டனர். கள்வனெனப்பட்டவன் உண்மையிற் காவலனே. அவன்மேற் கண்ட குற்றமோ அவன் உருச்சிதைந்ததனால் விளைந்தது.

அக்காவலின் திறம் வியக்கத்தக்கது. உயிரணுவின் டி.என்.ஏ. ஊறுபட்டவிடத்து, பி53 மிகுந்து, பி21 என்னும் பிறிதொரு புரதத்தைத் தோற்றுவிக்கின்றது. பி21, உயிரணுப் பிளவினை முன்செலுத்தும் நொதிகளைப் பற்றி நிறுத்துகின்றது. பழுது தீர்ந்தபின் பிளவு தொடரும். தீராவிடில் அவ்வுயிரணுவை மாய்ந்தொழியச் செய்தலும் உண்டு. மனிதர்க்கு வரும் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் இம்மரபணு திரிந்திருத்தலால், இக்காவல் எத்துணை இன்றியமையாததென்பது விளங்கும்.

“நேற்றொன்றும் இன்றொன்றும் உரைக்கும் விஞ்ஞானத்தை நம்புவதெங்ஙனம்?” என வினவுவார் உளர். சொன்ன சொல்லை மாற்றாமை ஒன்றே வாய்மையாகாது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் சொற்கேட்டு, ஆராயாது கோவலனைக் கொல்வித்தான். பிழையுணர்ந்தபோது தன்னுயிரையும் விடுத்தான். அவன் உயிர்நீத்தமை பெருந்தன்மையே. ஆயினும் கோவலன் மீண்டிலன். ஆய்வுக்கூடமோ, தீர்ப்புரைத்த பின்னரும் வழக்கினைத் திறந்தே வைக்கின்றது. பழைய தீர்ப்பு நிலைத்திருப்பின், மருத்துவர் அக்காவலனை அழிக்க மருந்து தேடியிருப்பர். இன்றோ, சிதைந்த காவலனைச் சீர்செய்ய மருந்து தேடுகின்றனர். மாற்றியுரைத்ததனால் விளைந்த நன்மை இதுவாம்.

ஆதலின், மாணவ நண்பர்களே, பிழைபடாமையை விஞ்ஞானத்தினிடத்து எதிர்பாராது, பிழையைத் தேடிக் களையும் நேர்மையை அதனிடத்துப் போற்றுவோம். பிறர்மேற் குற்றங்கூறுமுன், நம் கையிலுள்ள சான்று திரிபற்றதுதானாவென்று ஆராயும் வழக்கத்தையும் அதனிடமிருந்து கற்போமாக.