தக்கலையும் கிளாஸ்டன்பரியும்

மைசூர்க்காரரான ரகு தீட்சித் 2010இல் பிபிசியின் ஜூல்ஸ் ஹாலண்ட் நிகழ்ச்சியில் பாடினார். அடுத்த ஆண்டே கிளாஸ்டன்பரி இசைவிழா மேடை கிடைத்தது. 'சாங்லைன்ஸ்' இதழ் அவரைச் சிறந்த புதுமுகக் கலைஞராகவும் தேர்ந்தெடுத்தது. லண்டனுக்குத்தான் அவர் புதுமுகம். தொண்ணூறுகளின் கடைசியிலேயே அந்தராக்னி என்ற குழுவைத் தொடங்கி, பத்தாண்டுக்கு மேல் உள்ளூர் மேடைகளில் பாடித் தேறியவர் அவர். காசு கொடுத்தும் கைதட்டியும் அவரை முதலில் தாங்கியவர்கள் பெங்களூர் ரசிகர்கள். வெளிநாட்டு வெற்றி என்று நாம் கொண்டாடுவதற்குப் பின்னால் இப்படி ஓர் உள்ளூர்க் கணக்கு இருக்கிறது.

அவர் கொண்டுபோன சரக்கையும் பார்க்க வேண்டும். லுங்கி கட்டி, காலில் சலங்கையோடு, கிடாரை மாட்டிக்கொண்டு அவர் பாடியவற்றில் சிசுநாள ஷரீப்பின் கன்னடப் பாடல்கள் முக்கியமானவை. ஷரீப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹாவேரிப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்ந்த முஸ்லிம் ஞானக்கவி. அவருடைய குரு கோவிந்த பட்டர் ஒரு பிராமணர். குடுகுடியை, அதாவது ஹூக்காவை, சாக்காக வைத்து உடம்பையும் மனசையும் பேசுகிற அவருடைய பாட்டு ரகுவின் முதல் தொகுப்பிலேயே இருக்கிறது. கன்னடத்தில் ஒரு சொல்கூடத் தெரியாதவர்களும் அதற்கு ஆடினார்கள். கிராமியத்தை வேடிக்கை பார்க்கும் வெள்ளைக்காரன் ஆசைதான் இது என்று சொல்லலாம். 'உலக இசை' என்ற கூடையில் எல்லா மொழிகளையும் ஒன்றாக அள்ளிப் போடுகிறவர்களிடம் அந்த ஆசை உண்டுதான். ஆனால் ஷரீப்பைத் தம் மொழியாகக் கேட்ட கன்னட இளைஞர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லையே.

இந்த வகையில் நம் குமரி மாவட்டத்துக்கு எதில் குறை? ஷரீப்புக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முந்திய சூஃபி, பீர்முகமது அப்பா, தக்கலை தர்காவில் அடங்கியிருக்கிறார். அவருடைய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ஊரே கூடி இரவில் பாடுகிறது. கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டின் வில்லும் குடமும் உடுக்கையும் இன்னும் ஒலிக்கின்றன. கிடாரும் நமக்கு அந்நியமில்லை. தேவாலயப் பாடகர் குழுக்களில் அதைப் பழகிய பிள்ளைகள் ஊருக்கு நாலுபேர் உண்டு. வழிபாட்டுப் பாட்டில் கிடாரைச் சேர்ப்பது அபசாரம் என்பார்கள். தர்காவில் பாடும் முறை அப்படியே இருக்கட்டும். அதை யாரும் தொட வேண்டாம். வெளியே ஒருவன் ஞானப்புகழ்ச்சியின் சொல்லை வேறு தாளத்தில் பாடினால் உள்ளே ஒன்றும் குறைந்துபோகாது. ஒழுகினசேரிக்காரர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோனார். அதனால் கொடையில் வில்லடிப்பது நின்றுவிடவில்லை.

இல்லாதது மேடைதான். தலைக்கட்டு வரி பிரித்து நடத்தும் கொடையானாலும் பங்குத் திருவிழாவானாலும், 'இன்னிசைக் கச்சேரி' என்றால் சினிமாப் பாட்டு என்றே ஆகிவிட்டது. சொந்தமாக எழுதிப் பாடுகிறவனுக்கு அங்கே மைக் கிடைப்பதில்லை. தெரிந்த பாட்டுக்குத்தான் கூட்டம் வரும் என்று விழாக் கமிட்டி சொல்வது நியாயமே. சினிமாவும் பகையில்லை, ரகு தீட்சித்தே படங்களுக்கு இசையமைத்தவர். ஆனால் தெரிந்த பாட்டெல்லாம் ஒருநாள் தெரியாத பாட்டாக இருந்தவைதான். கச்சேரி தொடங்குமுன் அரைமணி நேரத்தை உள்ளூர்ப் பிள்ளைகளின் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்குங்கள். வானவேடிக்கைச் செலவில் ஒரு பங்கை எடுத்து அவர்களுக்குச் சம்பளமாகக் கொடுங்கள்.