கறுப்பு குற்றமா?

பெண் படித்தவள், பண்புடையவள், தன் உழைப்பில் நிமிர்ந்து நிற்பவள். பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைச் சுவைத்தார்கள், வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டார்கள், படியிறங்கும்போது, "எல்லாம் பொருத்தந்தான், நிறந்தான் கொஞ்சம் மட்டு" என்று தீர்ப்புரைத்துச் சென்றார்கள். உள்ளே அவள் கண்ணாடி முன் நின்று கலங்குகிறாள். கேட்கிறோம், அவள் செய்த குற்றம் என்ன?

அறிவியலைக் கேளுங்கள், தோழர்களே! கறுத்தவர் தோலிலும் வெளுத்தவர் தோலிலும் நிறமி சுரக்கும் உயிரணுக்கள் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. அவை சுரக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறு. கதிரவனின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து உடலைக் காக்கும் கவசம் அது. காக்கும் கவசத்தையா கறை என்பது?

பக்தர்களைக் கேளுங்கள்! கார்மேக வண்ணன் என்று கண்ணனைக் கொண்டாடுகிறார்கள். கருநிறக் காளிக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். கருவறையில் கறுப்பு கடவுள். மணவறையில் கறுப்பு குறைபாடு! கற்சிலைக்குத் தரும் மதிப்பைக்கூடக் கன்னிக்குத் தர மறுப்பது எந்த அறம்?

இந்த மடமையை வாணிபம் மூலதனமாக்கிக்கொண்டது. 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' கடைக்கு வந்தது. வெளுத்தால்தான் வேலை, வெளுத்தால்தான் வாழ்வு என்று விளம்பரங்கள் பாடம் நடத்தின. உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்த 2020-இல், 'ஃபேர்' விலகி 'க்ளோ' வந்தது. பெயர் மாறிற்று, பேதைமை மாறிற்றா? முறையான அனுமதியின்றி விற்கப்படும் வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. மெலனின் உருவாவதைத் தடுக்கும் அந்த நஞ்சு, தோல்வழி ஏறிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். 2023-இல் கேரளத்தின் மலப்புரத்தில், இத்தகைய களிம்பு பூசியவர்களிடம் சிறுநீரக நோயை மருத்துவர்கள் கண்டறிந்தனர். அழகு தேடிச் சென்றோர் நோய் வாங்கி வந்தனர்!

நாற்று நடும் கரம் கறுப்பு. ஏர் பிடித்தவன் முதுகு கறுப்பு. அவர்கள் விளைத்த சோற்றை உண்டு, அந்த நிறத்தைப் பழிப்பது நன்றி கொன்ற செயலன்றோ?

இளைஞர்களே! "சிவந்த மேனியுடைய மணமகள் தேவை" என்று உங்கள் பெயரால் ஒரு வரிகூட அச்சேற விடாதீர்கள். பெற்றோர் எழுதினால், அடித்துத் திருத்துங்கள். நண்பர் கூட்டத்தில் நிறத்தைச் சொல்லி ஒருவரை நகையாடினால், அந்த நகைப்பில் கலந்துகொள்ளாதீர்கள்.

தங்கையே! கண்ணாடி முன் கலங்காதே. களிம்பைக் குப்பையில் வீசு. கறுத்த முகத்தை நிமிர்த்து. மாற வேண்டியது உன் நிறமன்று, அவர்கள் நினைப்பு!