ஃபிளக்ஸில் அம்பேத்கர், குடிசைக்குள் என் அண்ணன் மகள்

நேற்று அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபிளக்ஸ் மாதிரியை அனுப்பி, எழுத்துப் பிழை இருக்கிறதா பார் என்றார். நீலப் பின்னணி. ஒரு மூலையில் அண்ணல் அம்பேத்கர், மறு மூலையில் தந்தை பெரியார். நடுவில் பட்டுப் பாவாடையும் தலையில் கிரீடமுமாக அண்ணன் மகள். மேலே தங்க எழுத்தில் 'பூப்புனித நீராட்டு விழா'. எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

படத்தில் கிரீடம் வைத்திருக்கிற பிள்ளை இப்போது லால்குடிப் பக்கம் எங்கள் காலனி வீட்டு வாசலில், தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்றில் கட்டிய குடிசைக்குள் இருக்கிறாள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். ஏழாம் வகுப்பு படிக்கிறவளுக்கு ஒன்பது நாள் பள்ளிக்கூடம் கிடையாது. அண்ணன் இருபது வருடமாக இயக்கத்தில் இருப்பவர். ஊர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையை எதிர்த்து மறியல் செய்து வழக்கு வாங்கியவர். அவர் வீட்டு வாசலிலேயே இப்போது இரட்டைக் குவளை இருக்கிறது.

குடிசை என்றால் சடங்குக்குத்தானே, பெரிதுபடுத்தாதே என்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில் வயதுக்கு வந்த ஒரு சிறுமியைத் தென்னந்தோப்புக் குடிசையில் தனியே படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் விழுந்து அவள் செத்துப் போனாள். ஊரெல்லாம் கெட்டியான கூரை தேடி ஓடிய இரவு அது.

நான் திருச்சியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் ஸ்ரீரங்கத்தில் கோயிலை ஒட்டிய வீதி ஒன்றில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மாள் நன்றாகத்தான் பேசினார். கறி மீன் சமைக்கக் கூடாது என்றார், சரி என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மூணு நாள் கொல்லை ரூம்ல இருந்துக்கணும்மா. கிணத்தடிப் பக்கம் வரப்படாது. நாங்களும் அப்படித்தான் இருக்கோம்" என்றார். அதன் பிறகுதான் எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். வீட்டில் கேட்டுவிட்டுப் போன் செய்வதாகச் சொன்னார். இன்றுவரை செய்யவில்லை. மூன்று நாள் விலக்கு வைக்க அந்த வீட்டில் அறை இருந்தது, முப்பது நாள் விலக்குக்கு இல்லை.

அந்த அம்மாளை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் கேட்ட இரண்டு கேள்விகளும் ஒரே சுலோகத்தில் இருக்கின்றன. மனுஸ்மிருதி, ஐந்தாம் அத்தியாயம், 85. யாரைத் தொட்டால் குளித்துத்தான் சுத்தமாக முடியும் என்று அது வரிசைப்படுத்துகிறது: சண்டாளர், மாதவிலக்கான பெண், சாதியிலிருந்து தள்ளப்பட்டவர், பிள்ளை பெற்றவள், பிணம், பிணத்தைத் தொட்டவர். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அண்ணல் கொளுத்திய நூல் அது. நாமோ அந்த வரிசையின் முதல் சொல்லை எரித்துவிட்டு, இரண்டாவது சொல்லைக் கீற்று வேய்ந்து பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இரண்டையும் ஒன்றாகப் பேசினால் சாதியின் கொடுமை நீர்த்துப் போகும் என்று சில தோழர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. அக்ரகாரத்துப் பெண்ணின் தீட்டு தலைக்குக் குளித்தால் தீரும். நம்முடையது எத்தனை காவிரி ஓடினாலும் தீராது. ஆனால் இரண்டும் ஒரே உடம்பில் வந்து விழுகிற பெண்கள் நம் பிள்ளைகள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் செங்குட்டைப்பாளையத்தில், தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்த அருந்ததியர் சிறுமி பூப்படைந்த கையோடு வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். தாய் செல்போனில் படம் பிடித்ததால்தான் வெளியே தெரிந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. தனியாக உட்கார வைக்கத் தாய்தான் கேட்டுக்கொண்டார் என்று ஒரு சமாதானமும் வந்தது. கேட்டிருந்தால்தான் என்ன? படிக்கட்டுக்குத் தள்ளலாம் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது? தனியாக உட்கார வேண்டும் என்று நம் வீட்டுக்குள் சொல்லிக் கொடுத்தது யார்?

2018 செப்டம்பர் 28 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், மாதவிடாயைச் சொல்லிப் பெண்ணை விலக்குவதும் அரசமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்த தீண்டாமைதான் என்று எழுதினார். அதே அமர்வில் இந்து மல்ஹோத்ரா, அந்தப் பிரிவு இதற்குப் பொருந்தாது என்று மாறுபட்டார். 'எந்த வடிவிலும்' என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. குடிசையும் ஒரு வடிவம்தான்.

உடம்பில் நடப்பது என்ன? கரு தங்குவதற்காகக் கருப்பையின் உள்சுவர் மாதாமாதம் தடிக்கிறது, கரு தங்காதபோது இரத்தத்தோடு உரிந்து வருகிறது. பெரும்பாலும் 21 முதல் 35 நாளுக்கு ஒருமுறை, 2 முதல் 7 நாள், மொத்தமே 80 மில்லிக்குள். வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடம் தேதி முன்பின் ஆகும், பயப்பட வேண்டியதில்லை. கருப்பை இறுகுவதால் வலிக்கிறது. வெந்நீர் ஒத்தடமும் மருத்துவர் சொல்லும் வலி மாத்திரையும் பெரும்பாலும் போதும். மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, ஏழு நாள் தாண்டினாலோ, வலியில் எழுந்திருக்கவே முடியாவிட்டாலோ அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. உளுந்தங்களியும் முட்டையும் தருகிற பழக்கத்தை வேண்டுமானால் சடங்கிலிருந்து பிரித்து வைத்துக்கொள்வோம்.

துணி வைப்பதால் நோய் வருவதில்லை. அலசிய துணி வெயிலில் காய்ந்தால் போதும். என் பாட்டி அதைப் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவார், பாதி ஈரத்திலேயே மறுபடி எடுப்பார். அரிப்பும் புண்ணும் வந்தது தீட்டு என்ற வெட்கத்தால். மார்கழியில் பரமபத வாசல் திறக்கும் நாள் நெருங்கினால், மாதவிடாயைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரையைச் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் பெண்களை மருந்துக் கடையில் பார்த்திருக்கிறேன். இரத்தம் உறையும் கோளாறு உள்ளவருக்கு அது ஆபத்து. அதே ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர், திரௌபதி குளித்துவிட்டுச் சரணடையவில்லை, சுத்தமும் அசுத்தமும் தேட வேண்டாம் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சரணாகதி எனக்கு வேண்டாம். தங்கள் ஆசாரியர் சொன்னதையே இவர்கள் கேட்கவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இனிச் சொல்வது எங்கள் தெருவைப் பற்றி. எனக்குக் கூச்சமான பகுதி இது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது காலனிக்குப் புதிரை வண்ணார் அம்மா ஒருவர் வருவார். வயதுக்கு வந்த வீட்டிலும் பிள்ளை பெற்ற வீட்டிலும் கறைத் துணியை எடுத்துப் போய், மாத்துத் துணி கொடுப்பார். இருட்டிய பிறகு வாசலுக்கு வெளியே நின்று சோறு வாங்கிப் போவார். அவருக்கு என் பாட்டி வயது. அவரை நாங்கள், சிறுவர்கள் உட்பட, 'வா, போ' என்றுதான் பேசினோம். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நாங்கள் எங்களுக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொள்ள, எங்கள் வீட்டுப் பெண்களின் இரத்தத்தையே சாக்காக்கினோம்.

இன்று மாத்து இல்லை, நாப்கின் வந்துவிட்டது. 2011இல் அறிவித்த புதுயுகம் திட்டம் அதைக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் கைக்கும் கொண்டு சேர்த்தது, நல்ல காரியம். தீட்டுதான் போகவில்லை. பார்க்கக் கூசி அதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சுற்றி உலர் குப்பைத் தொட்டியில் போடுங்கள் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. பாதாள சாக்கடை அடைத்தால் குச்சியோடு வந்து நிற்பவர் எந்தச் சாதி என்று திருச்சியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அண்ணனிடம் போனில் பேசினேன். "சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க பாப்பா? நாம வச்ச செய்முறை திரும்பி வர வேணாமா?" என்றார். நியாயம். வட்டிக்கு வாங்கி மொய் வைத்த வீடு. விருந்து வையுங்கள், மொய் வாங்குங்கள், பிறந்தநாள் என்று அடித்துக்கொள்ளுங்கள், குடிசையை இன்றைக்கே பிரியுங்கள் என்றேன். "உங்க அண்ணிகிட்ட கேக்குறேன்" என்று வைத்துவிட்டார். அண்ணியின் பேச்சு அந்த வீட்டில் எப்போது எடுபட்டது என்று நான் கேட்கவில்லை.

நாளைக் காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி பஸ் ஏறுகிறேன். அவளுடைய கணக்குப் புத்தகத்தைக் கேட்டிருக்கிறாள், அது வீட்டுக்குள் இருக்கிறதாம், யாரும் எடுத்துக் கொடுக்கவில்லையாம். நாப்கினும் வாங்கிப் போக வேண்டும். குடிசைக்குள் பழைய சேலைத் துணிதான் கொடுத்திருக்கிறார்கள்.