கல்யாணத்துக்கு முன் ஓர் ஊசி

எதிர் வீட்டு மாமி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் காப்பிப் பொடி கடன் கேட்கத்தான் வருவாள். சென்ற ஞாயிறன்று டம்ளர் இல்லாமல் வெறுங்கையுடன் வந்து உட்கார்ந்து, குரலையும் தாழ்த்திக் கொண்டாள்.

"ஏண்டி, நீ பத்திரிகையிலே எழுதறவளாச்சே. இப்போ எல்லாரும் போட்டுக்கறாளாமே, இளைக்கிறதுக்கு ஓர் ஊசி, அது நல்லதுதானே? பின்னாடி ஒண்ணும் பண்ணாதே?"

மாமியின் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்போல இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த ஒரு வாக்கியம் மூன்று வாரமாக அந்த வீட்டில் யாரையும் தூங்க விடவில்லை. பெண் ஐந்தடி இரண்டங்குலம். எடை 63 கிலோ. என் கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருக்கிறாள். ஆனால் என் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்!

"விசாரித்துச் சொல்கிறேன், மாமி" என்றேன். ஒரு வாரம் விசாரித்தேன். புரட்ட வேண்டியதையெல்லாம் புரட்டினேன். "பின்னாடி ஒண்ணும் பண்ணாதே?" என்று மாமி கேட்டாளே, அதில்தான் விஷயமே இருக்கிறது. இதுவரை வந்த மருந்துகள் இளைக்க வைத்தது வாஸ்தவம். பின்னாடி என்ன பண்ணின என்பதுதான் கதை.

முதல் உலக யுத்தத்தின்போது பிரான்சில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற மஞ்சள் ரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு உடம்பு கொதித்தது, வியர்த்துக் கொட்டியது, எடை குறைந்தது. சிலர் செத்தே போனார்கள். 1933-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலை டாக்டர்கள் அதையே இளைக்கும் மருந்தாகச் சொன்னார்கள். தின்ற சோற்றை உடம்பு வெறும் சூடாக எரித்துவிடும், அதுதான் சூட்சுமம். ஓரிரண்டு வருஷத்துக்குள் லட்சம் பேர் வரை சாப்பிட்டார்கள். 1935-ல் கண் டாக்டர்களிடம் இளம் பெண்கள் வரத் தொடங்கினார்கள். பாட்டிகளுக்கு வரவேண்டிய கண்புரை பேத்திகளுக்கு வந்திருந்தது! 1938-ல் புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகே அது கடையை விட்டுப் போயிற்று.

அது அந்தக் காலம், இப்போது சட்டமும் பரிசோதனையும் இருக்கின்றனவே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஃபென்-ஃபென் கதையைப் படிக்கும் வரை.

ஃபென்-ஃபென் என்பது இரண்டு மாத்திரைகளின் கூட்டு. ஒன்றின் பெயர் ஃபென்டர்மின். அமெரிக்காவில் 1959-ல் அனுமதி பெற்றது. மற்றொன்று ஃபென்ஃப்ளூரமின், அது 1973-ல். இரண்டுமே சில வாரங்கள் மட்டும் சாப்பிடுவதற்கென்று அனுமதிக்கப்பட்டவை. 1992-ல் ஓர் ஆராய்ச்சியில் 121 பேருக்கு இரண்டையும் சேர்த்து நீண்ட நாள் கொடுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது. போதாதா? சேர்த்துக் கொடுக்கலாம் என்று அரசாங்கம் ஒரு நாளும் அனுமதி தரவில்லை. ஆனாலும் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எடை குறைப்பதற்கென்றே தெருவுக்குத் தெரு கிளினிக் முளைத்தது. 1996 என்ற ஒரே வருஷத்தில் இந்த மாத்திரைகளுக்கு 1 கோடியே 80 லட்சம் சீட்டுகளுக்கு மேல் எழுதப்பட்டன. வாங்கினவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உடம்பு நோயாகும் அளவுக்குப் பருமனானவர்களும் உண்டு; பழைய கவுனுக்குள் நுழைய வேண்டும் என்ற ஒரே ஆசையில் வாங்கினவர்களும் உண்டு.

வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஃபார்கோ என்று ஓர் ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் எக்கோ எடுக்கும் ஒரு பெண்மணிக்குத் திரையில் ஏதோ சரியாகப் படவில்லை. நாற்பது வயதுக்காரிகளின் இருதய வால்வுகள் தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்பக்கம் கசிந்து கொண்டிருந்தது. இந்த வயதில் இது ஏன்? என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், ஒவ்வொருத்தியும் சொன்ன பதில் ஒன்றே. விஷயம் டாக்டர்களிடம் போய், மேயோ கிளினிக் டாக்டர்களும் சேர்ந்து 1997 ஜூலையில் வெளியிட்டார்கள்: 24 பேர், அத்தனை பேரும் பெண்கள், சராசரி வயது 44, மாத்திரை சாப்பிட்டது சராசரியாக ஒரு வருஷம். ஐந்து பேருக்கு அதற்குள் இருதய அறுவை நடந்திருந்தது. செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமின் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது.

இதில் என்னைத் திடுக்கிட வைத்தது ஒரு கணக்கு. 1973-லிருந்து 1997 வரை 24 வருஷம் கடையில் இருந்த மருந்து அது. அத்தனை வருஷம் இருந்ததே, ஏன் தெரியவில்லை? சில வாரம் சாப்பிட்டு விட்டுவிட்டவர்களுக்கு வால்வு கெட நேரமில்லை. மாதக் கணக்கில் ஏராளமான பேர் சாப்பிட்டபோதுதான் தெரிந்தது. மருந்துக்கு எத்தனை வயது என்பது பெரிதல்ல. யார், எவ்வளவு காலம் சாப்பிட்டு, அவர்களை யார் கவனித்துக் கொண்டிருந்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். எக்கோ எடுத்த அந்தப் பெண்மணிக்கு நான் ஒரு கோயிலே கட்டுவேன்!

சிபுட்ரமின் என்று வேறொரு மாத்திரை நம் ஊர்க் கடைகளிலும் விற்றது. பருமனான, பெரும்பாலும் இருதய நோய் உள்ள சுமார் 10,000 பேரை வைத்துச் சில வருஷம் பார்த்தார்கள். எடை குறைந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போயிற்று. 2011-ல் இந்தியாவிலும் தடை.

இனி மாமியின் ஊசிக்கு வருகிறேன். உண்ட பின் நம் குடலில் ஊறும் ஒரு ஹார்மோனைப் போல நடிக்கிற மருந்து அது. பசியை அடக்கும், இரைப்பையிலிருந்து சாப்பாடு மெள்ள இறங்கும். இந்தக் குடும்பத்தின் மூத்த மருந்து, அமெரிக்கப் பாலைவனத்து கிலா என்ற விஷப் பல்லியின் விஷநீரில் கண்ட ஒரு பொருளிலிருந்து பிறந்தது என்றால் நம்புவீர்களா? 2005-ல் சர்க்கரை நோய்க்காக வந்தது. ஆக, இந்த வகை மருந்தோடு உலகத்துக்கு இருபது வருஷப் பழக்கம் இருக்கிறது. முன்னோர்களுக்கு இல்லாத நல்ல சாட்சியும் இருக்கிறது. செமாகுளுடைட் ஊசியை, பருமனோடு இருதய நோயும் உள்ள 17,604 பேரிடம் மூன்றேகால் வருஷத்துக்கு மேல் பார்த்து 2023-ல் முடிவு சொன்னார்கள். சிபுட்ரமின் தோற்ற அதே மாதிரிப் பரீட்சை. இதில் மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் எல்லாம் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம்.

ஆனால் அந்தப் பரீட்சையில் சேர்ந்தவர்கள் எல்லாரும் 45 வயது தாண்டியவர்கள். நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆண்கள். மாமியின் பெண்ணுக்கு 26.

வாந்தி, குமட்டல், மலச்சிக்கல் சாதாரணம். பித்தப்பையில் கல் வரலாம். அபூர்வமாகக் கணையம் வீங்கலாம். மிக மிக அபூர்வமாக, 10,000 பேரில் ஒருவர் வரை, கண் நரம்பு பாதிக்கலாம் என்று ஐரோப்பிய அதிகாரிகள் 2025-ல் சொன்னார்கள். குறைகிற எடையில் கொழுப்பு மட்டுமல்ல, தசையும் உண்டு. பொதுவாக இதை அனுமதித்திருப்பது உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு 30 தாண்டியவர்களுக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொந்தரவு இருந்தால் 27. பெண்ணின் கணக்கு 25 சொச்சம்.

இதையெல்லாம் போன புதன்கிழமை மாலை மாமி வீட்டுக் கூடத்தில் சொன்னேன். பெண்ணும் கேட்டுக் கொண்டிருந்தாள்.

"நாலு மாசம் போட்டுண்டு, கல்யாணம் ஆனதும் நிறுத்திட்டாப் போச்சு" என்றாள் மாமி.

"நிறுத்தினவர்களையும் பார்த்திருக்கிறார்கள், மாமி. ஒரு வருஷத்தில் இறங்கின எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அதோடு, குழந்தை வேண்டும் என்றால் செமாகுளுடைட்டை இரண்டு மாதமாவது முன்கூட்டி நிறுத்த வேண்டும். டிர்செபடைட் என்ற இன்னோர் ஊசியோ கர்ப்பத்தடை மாத்திரையின் பலத்தையே குறைத்துவிடும்."

மாமி மௌனமானாள். தை முடிந்து மாசியில் என்ன நினைத்திருந்தாளோ!

"மாமி, உங்களுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமாக?"

"பத்து வருஷம். ஏன்?"

"எடை?"

"எண்பத்தெட்டு. முட்டி வலி வேறே. போன வருஷமே டாக்டர் இந்த மாதிரி ஏதோ ஊசி சொன்னார். எனக்கு எதுக்குடி அதெல்லாம்? நான் என்ன கல்யாணப் பொண்ணா?"

பெண் எழுந்து போய் டாக்டரின் பழைய சீட்டைத் தேடி எடுத்து வந்து தாயாரின் மடியில் போட்டாள். "நாளைக்குக் காலம்பற இவரைப் போய்ப் பார்க்கலாம்மா. சாயங்காலம் தையல்காரர்கிட்டே போய், என் ரவிக்கையை ஓர் அங்குலம் பிரிச்சு விடச் சொல்லணும்."