தொட்டி மீன்களுக்குத் தோட்டத்துக் கீரை போடலாமா?

கேள்வி: வீட்டுப் பின்புறம் சிமென்ட் தொட்டியில் மோலி, கப்பி மீன்கள் வளர்த்து விற்கிறேன். தீவனச் செலவைக் குறைக்க, தோட்டத்தில் இருந்து சிறுகீரையைப் பறித்து, நன்றாகக் கழுவி மாலையில் போட்டேன். மறுநாள் விடியற்காலையில் 14 மீன்கள் செத்து மிதந்தன. சில மீன்கள் தள்ளாடி, சுற்றிச் சுற்றி நீந்தின. கீரை ஆகாதா?

- வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: கீரை ஆகும் சகோதரி. அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்தால், பிராணவாயுக் குறைவு என்று கொள்ளலாம். இரவெல்லாம் கிடந்த கீரை அழுகினால் பிராணவாயு குறையும், அம்மோனியாவும் சேரும். ஆனால், தள்ளாடிச் சுற்றி நீந்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் பூச்சிமருந்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் கத்தரி, வெண்டைக்கு மருந்து அடித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். செடிக்குள் ஊடுருவும் மருந்துகள் கழுவினாலும் போகாது. மருந்தடித்த பின் காத்திருக்கச் சொல்லும் நாள் கணக்கு மனிதர்கள் சாப்பிடுவதற்குத்தான். மீனுக்கு அதை நம்ப வேண்டாம். வேப்பெண்ணெய் தெளித்த கீரையும் வேண்டாம். மருந்து கலக்கிய வாளி, குவளையைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியவை: மிச்சக் கீரையை எடுத்துவிடுங்கள். தள்ளாடும் மீன்களை உடனே வேறு நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். தொட்டித் தண்ணீரை இறைத்து, கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால், ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். ஒரு நாள் தீவனம் வேண்டாம்.

இனிக் காய்கறி கொடுக்கும் முறை:

1. மருந்தே படாத தனிப் பாத்தியில் இருந்து மட்டும் பறியுங்கள்.

2. கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி, ஆறவிட்டுப் போடுங்கள். பச்சைப்பட்டாணியை வேகவைத்து, தோல் நீக்கி மசித்துக் கொடுங்கள். வெள்ளரி, சுரைக்காயை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, லேசாக வேகவைக்கலாம். உப்பு, மஞ்சள், எண்ணெய் கூடாது.

3. வெங்காயம், பூண்டு, மிளகாய், எலுமிச்சை, சமைத்த கறி மிச்சம் வேண்டாம்.

4. சிறு கல்லில் கட்டித் தொங்கவிட்டால் எடுப்பது சுலபம். மூன்று மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மாலையில் போடாமல் காலையில் போடுங்கள். நம் கண் முன் இருக்கும்.

5. புது இடத்துக் கீரை என்றால், முதலில் தனிப் பாத்திரத்தில் இரண்டு மீன்களுக்குக் கொடுத்து ஒரு நாள் பாருங்கள்.

வாரம் இரண்டு முறை போதும். மோலி பச்சையை விரும்பித் தின்னும். கப்பி கொஞ்சம் தின்னும். ஃபைட்டர் மீனுக்குப் புழு, பூச்சிதான் உணவு. அதற்குக் காய்கறி வேண்டாம். குஞ்சுகள் வளரப் புரதம் தேவை. ஆகவே தீவனத்தை நிறுத்திவிட்டுக் கீரையை மட்டும் நம்பினால், வளர்ச்சி குன்றி விலை குறையும். மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

சாவு தொடர்ந்தால், தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போங்கள். இறைத்த தண்ணீரில் மருந்து இருக்கலாம் என்பதால், கிணறு, குளத்துப் பக்கம் விடாதீர்கள்.