டிரெய்லருக்குக் காற்றுப்பை வேண்டுமா?

குடியானவன் தனக்கு வேண்டிய பாரவண்டியை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்வித்துக்கொள்வது தொன்றுதொட்டு வந்த வழக்கம். கட்டைவண்டி தச்சனிடத்தும் கொல்லனிடத்தும் உருவாயிற்று. டிராக்டரின் டிரெய்லர் வெல்டிங் பட்டறையில் உருவாகின்றது. சொகுசுப் பேருந்துகளில் உள்ள காற்றுப்பைகளை இதற்கும் பொருத்தலாமா என்னும் கேள்வி எழுவது இயல்பே.

சென்னை புளியந்தோப்பிலுள்ள இறைச்சிக்கூடத்துக்கு வந்து சேரும் ஆடுமாடுகள் யாவும் எங்கோ ஒரு குடியானவன் வளர்த்தவையே. வழியில் வண்டி குலுங்கினால் பிராணி விழுகின்றது, விழுந்தது மிதிபடுகின்றது. கால் ஒடிந்ததும் மாமிசம் கன்றியதும் விலை போவதில்லை. தக்காளிக்கும் முட்டைக்கும் இதே கதிதான். ஆகவே, குலுக்கலைக் குறைப்பது ஜீவகாருண்யம் மட்டுமன்று, வருமானத்தைக் காப்பதுமாகும்.

காற்றுப்பையின் தத்துவம் எளிது. 200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பையில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருப்பின், அது 1000 கிலோ பாரம் தாங்கும். இரு பைகள் 2 டன் தாங்கும். பாரம் குறைந்தால் காற்றையும் குறைக்கலாம். இரும்புப் பட்டை வில்லுக்கு இவ்வனுகூலம் இல்லை. முழுப் பாரத்துக்கென அமைத்த வில், வண்டி காலியாக இருக்கையில் விறைத்து நின்று துள்ளும்.

நிற்க. பிரதிகூலங்களையும் எண்ணுதல் வேண்டும். பட்டை வில் பாரத்தைத் தாங்குவதோடு அச்சையும் தன்னிடத்தில் பிடித்து நிறுத்துகின்றது. காற்றுப்பை பாரத்தை மட்டுமே தாங்கும். அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராதிருக்கத் தனிக் கைகள் வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டம் ஓரளவு தானே அடங்கும். பைக்கு அக்குணம் சொற்பமாதலின் ஷாக் அப்சார்பர் அவசியம். வலப்பையையும் இடப்பையையும் ஒரே குழாயில் தடையின்றி இணைத்தால், வளைவில் காற்று ஒரு புறமிருந்து மறுபுறம் பாய்ந்து வண்டி சாயும். பை கிழிந்தால் சட்டம் அச்சின்மேல் மோதாதிருக்க இடையில் ரப்பர் கட்டையும் வேண்டும். இவற்றோடு காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஒன்றும் சேர்ந்தால் செலவு சிறிதன்று.

முதற்கண் கவனிக்க வேண்டிய காற்று டயரிலேயே இருக்கின்றது. 1845இல் தாம்சன் என்பவரும், 1888இல் டன்லப் என்பவரும் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது குலுக்கலைத் தணிப்பதற்காகவே. பாரத்துக்கு ஏற்ற அளவு காற்றடைத்தல், வில்லைப் பழுது பார்த்தல், பிராணிகளுக்குத் தடுப்பு அமைத்தல் ஆகியவை அற்பச் செலவில் பெரும்பயன் தருவன. கால்நடை ஏற்றும் மோட்டார் வாகனங்களில் மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டரும், ஆடு ஒன்றுக்கு 0.3 சதுர மீட்டரும் இடம் விட்டுத் தடுக்க வேண்டுமென்பது 2016 முதல் அமுலிலுள்ள விதி. நெருக்கி ஏற்றிய பிராணியைக் காற்றுப்பை காப்பாற்றாது.

வடசென்னையின் மீன்பாடி வண்டி இவ்விஷயத்தில் நல்ல பாடம். மிதிவண்டிப் பாரவண்டியில் பழைய மோட்டார் யந்திரத்தைப் பூட்டிய பட்டறைக்காரரின் சாமர்த்தியம் மெச்சத்தக்கதே. ஆயினும் பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாத வண்டியால் விபத்து நேர்ந்தால், அடிபட்டவனுக்கும் கதியில்லை, உடையவனுக்கும் காப்பில்லை. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. பதிவின்றி அதைச் சாலையில் ஓட்டலாகாது.

ஆகையால், டிரெய்லர் செய்விப்போர் முதலில் பிரேக்கு, பின்விளக்கு, இரவில் ஒளிரும் பட்டை, பதிவு ஆகியவற்றை முடித்துக்கொள்ளல் வேண்டும். அதன் பின்னரும் கையில் பணம் மிஞ்சி, ஏற்றும் பொருள் உயிருள்ளதாகவோ எளிதில் நசுங்குவதாகவோ இருப்பின், காற்றுப்பை பொருத்துவது நியாயமே. எருவும் செங்கல்லும் ஏற்றுவோருக்கு அது வீண் செலவு. விளக்கில்லாத டிரெய்லர் இருளில் சாலையோரம் நிற்கக் கண்டால், கிராம அதிகாரிகள் உடையவனை அழைத்து உடனே திருத்தச் சொல்வது, பின்னர் விபத்துக்கு அறிக்கை எழுதுவதினும் சாலச் சிறந்தது.