மூன்று முடிச்சு உத்தியோகம்

இங்கிலீஷ் கற்றுக் கொள்வதற்காகக் கப்பல் ஏறி மேற்கே போனவர்களின் கதை நம் வீடுகளில் பழைய கதை. இங்கிலீஷ் கற்றுக் கொடுப்பதற்காக விமானம் ஏறிக் கிழக்கே போவது புதிய கதை. கொரியா, ஜப்பான், சீனா, வியத்நாம், தாய்லாந்து முதலிய தேசங்களில் பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளுக்கு எப்படியாவது இந்தப் பாஷை வந்துவிட வேண்டுமென்று பணத்தைப் பணமென்று பாராமல் செலவழிக்கிறார்கள். ஆகையால் அங்கெல்லாம் இங்கிலீஷ் உபாத்தியாயர்களுக்குக் கிராக்கி இருக்கிறது. பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் பிள்ளையோ பெண்ணோ ஒரு நாள், "ஸியோல் நகரத்தில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, அப்பா! வீடும் அவர்களே கொடுக்கிறார்களாம்" என்று சொன்னால் என்ன நடக்கும்? "அங்கே நமக்கு ஒத்த சாப்பாடு கிடைக்குமா?" என்று தாயார் கேட்பாள். "சம்பளம் எவ்வளவு?" என்று தகப்பனார் கேட்பார். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு சில இருக்கின்றன. அவற்றைப் பற்றி இந்த வாரம் சற்று விசாரிப்போம்.

உண்மையில் இந்த உத்தியோகம் அவ்வளவு புதியதும் அன்று. 1862-ஆம் வருஷத்தில் ஆன்னா லியோனோவென்ஸ் என்னும் மாது, அப்போது சயாம் என்று வழங்கிய தாய்லாந்தின் மன்னர் மோங்குத்தினுடைய குழந்தைகளுக்கு இங்கிலீஷ் கற்பிக்கப் பாங்காக்குக்குப் போய்ச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 100 டாலர். அரண்மனைக்கு வெளியே தனி வீடு கிடைக்கும் என்று நம்பிப் போனவர், வீட்டுக்காக மன்னரோடு வழக்காட வேண்டியதாயிற்று என்று தாமே ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தார். இன்னொரு விஷயமும் உண்டு. தாம் வேல்ஸ் தேசத்தில் பிறந்ததாக அவர் சொல்லிக் கொண்டிருந்தார். அவர் பிறந்தது 1831-இல், நம் நாட்டு அகமத்நகரில் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிறந்த ஊர் எது, குடியிருக்க வீடு எங்கே என்ற இந்த இரண்டு தகராறுகளும் 160 வருஷத்துக்கு மேலாகியும் தீர்ந்தபாடில்லை.

பிறந்த ஊரை முதலில் எடுத்துக் கொள்வோம். இங்கிலீஷ் போதிப்பதற்குரிய 'ஈ-2' என்னும் விசாவைத் தென் கொரிய சர்க்கார் பொதுவாக ஏழு தேசத்துப் பிரஜைகளுக்கே வழங்குகிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கானடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, தென்னாப்பிரிக்கா என்பவையே அந்த ஏழு. ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்தவராயிருந்தாலும் பாஸ்போர்ட் வேறானால் வாசலிலேயே நிறுத்தி விடுவார்கள். 2010-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தம் அந்தக் கோட்டைக் கதவில் நமக்கு ஒரு திட்டிவாசலைத் திறந்தது. பட்டமும் ஆங்கில ஆசிரியத் தகுதிப் பத்திரமும் பெற்ற இந்தியர், கொரியப் பள்ளிக்கூடங்களில் துணை உபாத்தியாயராகலாம். 'ஹாக்வோன்' என்று சொல்லப்படும் தனியார் டியூஷன் பள்ளிகளுக்கு இந்த வழி செல்லாது.

ஜப்பானில் நிபந்தனை வேறு விதமானது. பள்ளிக்கூடத்தில் துணையாசிரியராக அன்னிய பாஷை கற்பிக்க வருகிறவர், அந்தப் பாஷையின் வழியாக 12 வருஷமாவது கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய குடியேற்ற விதி. ஆங்கில வழியில் படித்த நம்மவர்களுக்கு இது அனுகூலமான விதிதான். ஆனால் அப்படிப் படித்ததற்குப் பள்ளிக்கூடத்தின் அத்தாட்சிக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

தாய்மொழியாகப் பேசுகிறவரே சிறந்த உபாத்தியாயர் என்ற எண்ணம் தவறு என்று, இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட ராபர்ட் பிலிப்ஸன் என்ற அறிஞரே 1992-இல் வெளியிட்ட நூலில் வாதித்திருக்கிறார். நம்முடைய அபிப்பிராயமும் அதுவே. தமிழைப் போலவே கொரிய பாஷையிலும் ஜப்பானிய பாஷையிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். இங்கிலீஷில் பெயருக்கு முன்னால் வந்து உயிரை வாங்கும் 'எ', 'தி' என்னும் சொற்களுக்கு அந்தப் பாஷைகளில் ஈடு கிடையாது. மாணாக்கன் அந்த இடத்தில் ஏன் இடறுகிறான் என்பது லண்டனில் பிறந்தவரைக் காட்டிலும் லால்குடியில் பிறந்தவருக்கு நன்றாகத் தெரியும். ஏனெனில் அவரும் அங்கேதான் இடறி விழுந்து எழுந்தவர். ஆனால் நியாயம் நம் பக்கம் இருப்பது வேறு, விசா நம் பக்கம் இருப்பது வேறு. அந்தந்தத் தேசத்துத் தூதராலயத்தில் விதியைக் கேட்டறிந்து கொண்டு, அதற்குப் பிறகு தரகரிடம் போவதே முறை. முதலிலேயே தரகரிடம் போனால் "எல்லாம் நடக்கும், ஸார்!" என்றுதான் சொல்வார். கமிஷன் வாங்குகிறவர் வேறு எப்படிச் சொல்வார்?

இனி வீட்டைப் பற்றிய கேள்வி. கல்யாணத்தில் மூன்று முடிச்சுப் போடுவதற்கு முன்னால் நம்மவர்கள் எவ்வளவு விசாரிக்கிறார்கள்! குலம், கோத்திரம், குணம், கடன் எல்லாவற்றையும் அடுத்த வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர் வரையில் போய்க் கேட்டுத் தெரிந்து கொள்கிறார்கள். நாம் சொல்லும் உத்தியோகத்திலும் மூன்று முடிச்சுகள் இருக்கின்றன. வேலை ஒன்று, வீடு ஒன்று, விசா ஒன்று. மூன்றையும் போடுவது ஒரே முதலாளியின் கை. உள்ளூர்க்காரருக்கு வேலை போனால் வேலை மட்டுந்தான் போகிறது. அன்னிய தேசத்து உபாத்தியாயருக்கோ வேலையோடு வீடும் போகிறது. அந்த வேலையைக் காட்டிப் பெற்ற விசாவும் ஆட்டம் கண்டு விடுகிறது.

முதலாளி வீடு கொடுப்பது வாஸ்தவத்தில் பெரிய உபகாரந்தான். கொரியாவில் மாத வாடகை வீட்டுக்கே பெருந்தொகை முன்பணமாகக் கேட்பார்கள். ஜப்பானிலோ முன்பணம், தரகுக் கூலி இவற்றோடு, வீட்டுக்காரருக்கு 'நன்றிப் பணம்' என்று திரும்பி வராத ஒரு தொகையும் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஜாமீன் நிற்க உள்ளூர் ஆசாமி ஒருவரும் வேண்டும். புதிதாகப் போய் இறங்குகிறவர் இவற்றுக்கு எங்கே போவார்? ஆகவே முதலாளி தரும் வீட்டை எல்லோரும் சந்தோஷமாக ஏற்றுக் கொள்கிறார்கள்.

அந்த முடிச்சு கழுத்தை இறுக்கிய சம்பவம் ஒன்று 2007-ஆம் வருஷத்தில் நடந்தது. ஜப்பானில் இங்கிலீஷ் பேசக் கற்பிக்கும் பள்ளிகளில் மிகப் பெரியதாயிருந்த 'நோவா' கம்பெனி அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் கடன் தாங்காமல் கோர்ட்டின் பாதுகாப்பைத் தேடிற்று. சுமார் 4,000 அன்னிய தேசத்து உபாத்தியாயர்கள் சம்பளமில்லாமல் நின்றார்கள். அவர்களில் சிலருக்கு வீட்டைக் காலி செய்யும்படியும் நோட்டீஸ் வந்தது. சம்பளத்தில் பிடித்த வாடகை வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. 'சாப்பாடு போட்டால் பாடம் சொல்லித் தருகிறோம்' என்று ஒரு தொழிற்சங்கத்தின் மூலமாக அறிவிக்கும் நிலைமைக்கு அந்த உபாத்தியாயர்கள் வந்தார்கள்.

முதலாளி நல்லவராயிருந்தாலும் போதாது. சர்க்காரின் போக்கும் மாறக்கூடும். 2021-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சீன சர்க்கார், பள்ளிப் பாடங்களில் டியூஷன் நடத்தி லாபம் சம்பாதிக்கலாகாது என்று உத்தரவு போட்டார்கள். வெளிநாட்டிலிருக்கும் உபாத்தியாயர்களை வைத்து இணையம் மூலம் சீனக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவதையும் தடுத்தார்கள். அந்த வியாபாரத்தை நம்பியிருந்த கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களை நீக்கின.

அப்படியானால் போகவே கூடாதா? தாராளமாகப் போகலாம். முடிச்சைப் போடுமுன் விசாரித்து விட்டுப் போக வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

ஒப்பந்தப் பத்திரத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். பாடம் நடத்தும் நேரம் எவ்வளவு, பாடமில்லாமல் பள்ளியில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் எவ்வளவு என்று தனித்தனியே கேட்க வேண்டும். விமானச் சத்தம் யாருடையது? இடையில் வேலையை விட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? வீட்டு முன்பணம் என்று சம்பளத்தில் பிடிப்பார்களா? பத்திரம் இரண்டு பாஷையில் இருந்தால் தகராறு வரும்போது எந்தப் பாஷைப் பிரதி செல்லும்? வேறு பள்ளிக்கு மாற விரும்பினால் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டுமா? கொரியாவில் இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் முக்கியம். அங்கே ஒரு வருஷம் பூர்த்தி செய்த தொழிலாளிக்குக் குறைந்தது 30 நாள் சம்பளம் விலகற் பணமாகக் கொடுக்க வேண்டுமென்பது சட்டம். அதைக் கொடுக்க மனமில்லாத சில முதலாளிகள் 11-ஆவது மாதத்தில் ஏதாவது குற்றம் கண்டுபிடித்து அனுப்பி விடும் தந்திரம், உபாத்தியாயர்களிடையே பிரசித்தமானது. ஆகையால், முதலாளி காட்டுகிற ஆளிடம் மட்டும் விசாரித்தால் போதாது. அந்தப் பள்ளியை விட்டு விலகிப் போனவர் ஒருவரையும் தேடிப் பிடித்துப் பேச வேண்டும்.

"இப்போது சுற்றுலா விசாவில் வந்து விடுங்கள், வந்த பிறகு மாற்றிக் கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அதோடு நிறுத்தி விடுவது உத்தமம். சுற்றுலா விசாவில் வந்து பாடம் நடத்துகிறவர் பிடிபட்டால் அபராதம் கட்டி நாடு திரும்ப நேரிடும். சம்பளம் வரவில்லை என்று அதிகாரிகளிடம் முறையிடவும் அவருக்கு வாய் இராது.

பத்திரங்களைச் சேகரிக்கப் பல வாரங்கள் பிடிக்கும். பட்டத்தை முதலில் மாகாண சர்க்காரின் இலாகா சரிபார்க்க வேண்டும். பிறகு டில்லியிலுள்ள வெளிவிவகார இலாகாவின் 'அபோஸ்டில்' என்னும் முத்திரை வேண்டும். 2005-ஆம் வருஷம் முதல் நம் தேசத்திலும் செல்லுபடியாகும் ஏற்பாடு இது. கொரியா, ஜப்பான் ஆகிய தேசங்கள் இதை ஏற்கின்றன. பாஸ்போர்ட் ஆபீஸ் தரும் போலீஸ் நன்னடத்தைப் பத்திரமும் தேவை. போதனா முறையில் பயிற்சி பெறாதவர்கள் அதையும் பெற்றுக் கொள்வது நல்லது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த 'செல்டா' பயிற்சியில் உண்மையான மாணாக்கர்களுக்கு 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மாணாக்கர் முகத்தையே பாராமல் வீட்டிலிருந்தபடி வாங்கும் காகிதத்துக்கு அந்த மதிப்பு இல்லை.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, முதலாளி தொடமுடியாத பணம். மூன்று மாதச் செலவுக்கும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் வேண்டியதைத் தனியாக வைத்துக் கொண்டு புறப்பட வேண்டும். அந்தத் தொகை கையில் இருக்கும் உபாத்தியாயர், அநியாயமான நிபந்தனை வந்தால் "முடியாது" என்று சொல்ல முடியும். இல்லாதவர் தலையை ஆட்டத்தான் வேண்டும். பிள்ளைக்கு விமானச் சத்தம் கொடுத்து அனுப்புகிற பெற்றோர்கள், திரும்பி வரும் சத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அது அவநம்பிக்கை ஆகாது.

கடைசியாக ஒன்று. லாப்காடியோ ஹெர்ன் என்பவர் 1890-இல் ஜப்பானுக்குச் சென்று மாட்ஸுயே என்னும் ஊரில் இங்கிலீஷ் உபாத்தியாயரானார். அவ்வூர்ப் பெண்ணை மணந்து, 1896-இல் ஜப்பானியப் பிரஜையாகி, கோயிஸுமி யாகுமோ என்று பெயரும் மாற்றிக் கொண்டார். அப்படிப்பட்டவருக்கே 1903-இல் டோக்கியோ சர்வகலாசாலையில் இருந்த வேலை போயிற்று. அவர் இடத்தில் அமர்ந்தவர்களில் ஒருவர், லண்டனில் படித்துத் திரும்பிய நட்ஸுமே ஸோஸெகி என்ற ஜப்பானியர். பின்னாளில் அத்தேசத்தின் மகத்தான நாவலாசிரியர். ஒரு தேசம் தன் பிள்ளைகளைக் கொண்டே தன் பிள்ளைகளுக்குப் போதிக்க விரும்புவது இயற்கை. அதை நாம் குறை சொல்வதற்கில்லை. நாமும் அப்படி விரும்பியவர்கள்தானே? ஆகையால் அங்கே போகிறவர்கள், ஒரு நாள் திரும்பி வர வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்து, அந்தத் தேசத்தின் பாஷையையும் நன்றாகக் கற்றுக் கொண்டு வரட்டும். கொரிய பாஷையோ ஜப்பானிய பாஷையோ தெரிந்தவருக்கு நம் ஊரிலேயே வேலை காத்திருக்கிறது. அதற்கு வீடு தேட வேண்டாம், விசாவும் வேண்டாம்.